வன்னியின் படம் யாருடைய பெட்டிக்குள் இருக்கிறது?

கரைச்சியான் (கிளிநொச்சி)

வணக்கம். பழைய செய்திப்படம், அரச பிரசாரப் படம், வீட்டு வீடியோ என்று கிடைத்ததை வெட்டி ஒட்டிப் புதுப்படம் செய்கிற பின்காலனிய இயக்குநர்களைப் பற்றி இந்தக் களத்தில் ஏற்கெனவே சில இழைகள் ஓடியிருக்கின்றன. எழுதியவர்கள் அநேகமாக லண்டன், பாரிஸ் ஆட்கள். நல்ல பதிவுகள்தான். ஆனால் கிளிநொச்சியில் இருந்து அதே படங்களைப் பார்க்கிறபோது எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1982இல் ‘லா ஸெர்டா’ என்று ஒரு படம் செய்தார். அதில் வரும் காட்சிகள் 1912 முதல் 1942 வரை பிரெஞ்சுக்காரர் வட ஆபிரிக்காவின் மக்ரெப் பகுதியில் எடுத்தவை. அவற்றின் மேல் அந்த மண்ணின் பாட்டுகளையும் குரல்களையும் வைத்தார். படம் ஆண்டவனுடையது, குரல் ஆளப்பட்டவர்களுடையது. 1995இல் வந்த ‘தாய் டாவோ’வும் கிட்டத்தட்ட அதே வழி: ஒல்லாந்தர் இந்தோனேசியாவில் எடுத்த பிரசாரச் சுருள்கள், மேலே இந்தோனேசியக் கவிதைகள், விளக்கவுரை என்று ஒன்று கிடையாது. இப்படிப் படங்களில் பொதுவாக ஒரு விடயம் உண்டு. படம் ஆட்சியாளரின் அலமாரியில் இருக்கும். இயக்குநர் அங்கே போய்க் கேட்டு, காசு கட்டி, எடுத்து வந்து திருப்பிப் பேச வைப்பார்.

எங்களுக்கும் அப்படி ஓர் அலமாரி லண்டனில் இருக்கிறதுதான். ஆனால் வன்னியைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய அலமாரி எங்கள் சனம் குடியேறிய ரொறன்ரோ ஸ்காபரோவிலும் பாரிஸ் லாச்சப்பலிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். போர்நிறுத்தத்தோடு 2002 சித்திரையில், வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆவணியில் மூடியது. இடையில் உலகம் முழுக்க இருந்த எங்கள் சனம் வன்னிக்கு வந்து போனது. வந்தவர்களில் பாதிப்பேரின் கையில் ஒரு சின்னக் கமரா. பரந்தன் சந்தி, புதுக்குடியிருப்புச் சந்தை, பெரியம்மா புட்டு அவிக்கிறது, கிணற்றடியில் பெடியள் குளிக்கிறது எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். 2002இல் கிளிநொச்சி நகரம் வெறும் இடிபாடு. அடுத்த நாலு வருடத்தில் எழும்பியது. 2009இல் திரும்ப விழுந்தது. எழும்பிய அந்த நாலு வருடம் அந்தக் கசெற்றுகளுக்குள் இருக்கிறது.

இங்கே இருந்தவர்களிடம் என்ன மிஞ்சியது? 2008 கடைசியில் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டபோது அல்பம் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. தருமபுரத்தில் பெட்டி பாதியானது. சுதந்திரபுரம் தாண்டும்போது கையில் ஒரு பை. 2009 வைகாசியில் அந்தப் பைக்குள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொஞ்ச நகையும் இருந்தால் பெரிய விடயம். எங்கள் வீட்டில் என் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. இது எனக்கு மட்டுமான கதையில்லை என்று இங்கே உள்ள எல்லாருக்கும் தெரியும்.

ஆக, ஊரில் இருக்கிறவனிடம் ஊரின் படம் இல்லை. போனவனிடம் இருக்கிறது. ஆனால் புலம்பெயர்ந்த எங்கள் படக்காரர்கள் ‘ஆவணம்’ என்று தேடிப் போவது இரண்டே இடத்துக்கு: 2009 போரின் கைத்தொலைபேசி வீடியோக்கள், அல்லது இயக்கத்தின் (புலிகளின்) நிதர்சனம் படப்பிரிவு எடுத்தவை. அப்பா வீட்டு பேஸ்மென்ற்றில் கிடக்கிற கசெற்றை யாரும் ஆவணமாக எண்ணுவதில்லை. எண்ணத் தொடங்கினால் உடனே அதை ஒரு கலைப்படமாக்கி விழாவுக்கு அனுப்புவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு. என் கோரிக்கை ஒன்றுதான்: படம் பண்ணுவதற்கு முன் இங்கே கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கோ.

நிழல்நாடா (லண்டன்)

அருமையான தொடக்கம், கரைச்சியான். ஒரு பழைய சண்டையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். இயக்குநர் ஜோன் அக்கொம்ஃப்ராவும் அவருடைய கறுப்பினப் படக்காரர் குழுவான பிளாக் ஓடியோ ஃபிலிம் கூட்டுக்குழுவும் 1986இல் ‘ஹான்ட்ஸ்வேர்த் பாடல்கள்’ செய்தார்கள். 1985இல் பேர்மிங்ஹாமிலும் லண்டனிலும் நடந்த கலவரங்களைப் பற்றிய படம். கலவரத்துக்கு விளக்கம் சொல்லாமல், கரிபியனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் பழைய செய்திப்படங்களைப் புதிய காட்சிகளோடு பின்னியிருந்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் சல்மான் ருஷ்டி ‘கார்டியன்’ பத்திரிகையில் அதைக் கடுமையாகத் தாக்கினார். அந்த மக்களின் கதைகளை அவர்கள் வாயால் கேட்க முடியவில்லையே என்பது அவர் குறை. அதே பத்திரிகையில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹோல் பதில் எழுதினார்: பழைய சட்டகத்தை உடைத்துப் புது மொழி ஒன்றைக் கண்டுபிடிக்க அவர்கள் படும் பாடு ருஷ்டிக்குத் தெரியவில்லை என்று.

நான் மாணவனாக இருந்தபோது முழுக்க ஹோல் பக்கம். இந்த இழையை வாசிக்கும்போது ருஷ்டி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது போலத் தெரிகிறது. ஆனால் ஒன்று. பார்க்க வந்தவர் எடுத்த வீடியோவும் ஒரு பார்வைதான். நான் பார்த்த அப்படியான கசெற் ஒவ்வொன்றிலும் கமராவுக்குப் பின்னால் ஒரு குரல், “சித்தி, இங்காலை பாருங்கோ, ஏதாவது சொல்லுங்கோ” என்று அதட்டிக்கொண்டே இருக்கும். சித்தி பாவம், முந்தானையைச் சரிசெய்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். காலனியக் கமராவுக்கு முன் நின்றவர்களுக்கும் இந்தச் சித்திக்கும் தூரம் அதிகம், சரி. ஆனாலும் எதை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அங்கும் வந்தவர்தான் முடிவு செய்தார்.

கசெற்றுக்கடை (புதுக்குடியிருப்பு – இப்போது கிளிநொச்சி)

பெரிய பேச்சுக்குள் நுழைகிறேன், குறை நினைக்காதீங்கோ. நான் 90களின் கடைசியிலிருந்து வன்னியில் வீடியோ எடுத்தவன். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. நிழல்நாடா தம்பி சொன்ன ‘வந்தவர் எடுத்தது’ பாதிக் கதை. மற்றப் பாதி நாங்கள் எடுத்து அனுப்பியது.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மின்சாரம் இல்லை, டோர்ச் பற்றரிகூடத் தடை. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓட்டித்தான் எல்லாம். அப்படி இருந்தும் ஒரு தாய் செத்தால் செத்தவீட்டை எடுக்காமல் விடமாட்டார்கள். மகன் சுவிஸில் இருப்பான், வர முடியாது. அவனுக்காகத்தான் எடுப்பது. அதனால் செத்தவீட்டு வீடியோவுக்கு ஒரு முறை இருந்தது. வந்த சனத்தின் முகத்தை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். யார் வந்தது, யார் வரவில்லை என்று அவன் அங்கே போட்டுப் போட்டுப் பார்ப்பான். ஒப்பாரியை இடையில் வெட்டக்கூடாது. கலியாண வீடியோவுக்குப் பாட்டுப் போடலாம். இதற்குப் போட்டால் அடிதான் விழும்.

மாஸ்டர் கசெற்றுகளை நான் விற்றதில்லை, கொப்பிதான் கொடுப்பது. 2009 தையில் நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி அடுக்கி, வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனேன். காணிக்குத் திரும்ப விட்ட பிறகு கிண்டினால் பரல் இருந்தது. மூடிப் பக்கத்தால் தண்ணீர் இறங்கியிருந்தது. மேல் வரிசை முழுக்க பூஞ்சணம். வி.எச்.எஸ். கசெற்றின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைத் தெரியாமல் டெக்கில் போட்டீர்களோ, நாடாவும் போய் டெக்கின் ஹெட்டும் போய், அடுத்துப் போடுகிற நல்ல கசெற்றுக்கும் பூஞ்சணம் ஒட்டிவிடும். அடி வரிசை தப்பியது. கழற்றி, காயவிட்டு, கையால் சுற்றிச் சுற்றித் துடைத்து, கொஞ்சம் மீட்டேன்.

மேல் வரிசையில் போனவை எல்லாம் போனதா என்றால், இல்லை. அதன் கொப்பிகள் சுவிஸிலும் கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்க வேண்டும். அந்த வகையில் கரைச்சியான் சொன்னது முழுக்கச் சரி.

ஸ்காபரோ_மகன் (ரொறன்ரோ)

பேஸ்மென்ற் என்றதும் எனக்குத்தான் சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் 2003 கோடையில் அப்பா எடுத்த கசெற்றுகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. மினி-டிவி என்கிற, தீப்பெட்டி அளவுக் கசெற்றுகள். எனக்கு அப்போது பதினொரு வயது, நானும் போனேன்.

ஒன்றைச் சொல்கிறேன். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிய பிறகு வானின் கண்ணாடி வழியாக ரோட்டையே எடுத்திருக்கிறார். மண், பற்றை, மிதிவெடி அடையாளப் பலகை, திரும்ப மண். யாரும் பேசவில்லை. பிறகு முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பது போல எங்கள் வானும் நிற்கிறது. அப்பா தேங்காய் உடைக்கிறார், கமராவை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார் போல, படம் முழுக்கச் சரிந்து கிடக்கிறது. கச்சான் (வேர்க்கடலை) விற்கிற பிள்ளை ஒன்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து என்னிடம் ஏதோ சொல்கிறது. நான் விளங்காமல் அம்மாவைப் பார்க்கிறேன். நேர முத்திரையில் இரவு 2.30 என்று இருக்கிறது, வெளியே மத்தியான வெயில். அப்பா கமராக் கடிகாரத்தை ரொறன்ரோ நேரத்திலிருந்து மாற்றவேயில்லை.

நான் படத்தொகுப்பு வேலை செய்கிறவன். இந்த வானோட்டத்தை மட்டும் வைத்து ஒரு சின்னப் படம் செய்ய யோசித்திருந்தேன். எம்.ஐ.ஏ. என்ற பாடகி மாயா அருள்பிரகாசம் 2001இல் இலங்கை போய் எடுத்த வீடியோக்கள், 2018இல் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவரைப் பற்றிச் செய்த ஆவணப்படத்தில் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். கரைச்சியான் அண்ணா, அப்படி ஒரு படம் எடுப்பதில் என்ன பிழை? அந்தக் கோடை எனக்கும் சொந்தமானதுதானே.

கசெற்றுக்கடை

தம்பி, அந்த நேர முத்திரையைக் கவனமாக வைத்திருங்கோ. டிஜிட்டல் கசெற்றில் திகதியும் நேரமும் திரையில் காட்டாவிட்டாலும் தரவாகப் பதிந்திருக்கும். ரொறன்ரோ இரவு இரண்டரை என்றால் வன்னியில் சரியாக நண்பகல் பன்னிரண்டு. அப்போது கொழும்பில் பன்னிரண்டரை. அரசாங்கம் 1996இல் மணிக்கூட்டை மாற்றியபோது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாற்றவில்லை என்பது உங்கள் வயதுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓமந்தையில் அரை மணி நேரம் வித்தியாசம். 2006இல் அரசாங்கமும் பழைய நேரத்துக்கே வந்தது.

கரைச்சியான்

தம்பி, பிழை என்று சொல்லவில்லை. அந்தக் கோடை உங்களுடையதுதான். ஆனால் அந்தக் கச்சான் விற்ற பிள்ளைக்கு இப்போது முப்பது வயது இருக்கும். இருந்தால். உங்கள் படத்தில் அந்தப் பிள்ளை ஓர் உருவகமாகப் போய்விடும். முறிகண்டியிலோ இந்துபுரத்திலோ ஒரு திரையைக் கட்டிப் போட்டால், “உது இன்னாரின்ர மகள்” என்று பத்துப் பேர் சொல்லுவார்கள். அதைக் கேட்டபிறகு நீங்கள் எடுக்கிற படம் வேறாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

சும்மா_வாசகன் (வவுனியா)

காணி விடவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் இல்லை, நெல்லுக்கு விலை இல்லை. இதுக்குள்ளே பிரெஞ்சுப் படமும் ஒல்லாந்துப் படமும். நடத்துங்கோ.

முள்ளியவளை_அக்கா

சும்மா வாசகன், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 மாசியில் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்களே, அந்தப் பந்தலில் தொங்கிய படங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? சில படங்களில் தோளுக்கு மேல் வேறொருவரின் கை இருக்கும். பின்னால் வாழைமரமும் சோடனையும் தெரியும். கலியாணவீட்டுக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்த படங்கள். எங்கள் தம்பியின் படமும் அப்படித்தான் கிடைத்தது. எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. சுவிஸில் இருக்கிற மச்சாள் தன் தங்கையின் கலியாண வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தேடி, தம்பி சோற்று வாளியோடு குறுக்கே போகிற ஓரிடத்தைப் படமாக எடுத்து அனுப்பினா. முகம் கலங்கல். அதைத்தான் அம்மா கையில் வைத்திருக்கிறா. ஆணைக்குழு, அலுவலகம் என்று எங்கே போனாலும் அதுதான் போகிறது. ஆகவே இது வேலையில்லாதவர்களின் பேச்சு இல்லை.

ஆனால் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரைக் கூட்டித் திரை கட்டிக் காட்டுங்கோ என்று கரைச்சியான் லேசாகச் சொல்லிவிட்டீர்கள். 2003இல் எடுத்த வீடியோவில் இயக்கச் சீருடையோடு யாராவது குறுக்கே போகாமல் இருக்குமா? நிகழ்வில் பாடின பிள்ளை, வரவேற்பு வளைவுக்குக் கீழே நின்ற பிள்ளை எல்லாம் இருக்கும். அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டு, பேசாமல் இருக்கிறார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்னவெல்லாம் நடந்தது என்று தெரிந்தவர்கள் அவர்கள். “உது இன்னாரின்ர மகள்” என்று பத்துப் பேர் சொல்லுவது உங்களுக்குச் சந்தோசம். சொல்லப்பட்டவளுக்கு?

அதோடு, பிள்ளையின் முகத்தைத் திரும்பப் பார்க்கத் துடிக்கிற தாயும் இருக்கிறா, பார்த்தால் மயங்கி விழுகிற தாயும் இருக்கிறா. இரண்டு பேரையும் ஒரே கதிரை வரிசையில் இருத்தக் கூடாது.

மட்டுறுத்துநர்

ஓர் அறிவித்தல். முகங்கள் தெரியும் படத்துண்டுகளையோ இணைப்புகளையோ இந்த இழையில் ஒட்ட வேண்டாம். ஒன்றை நீக்கியிருக்கிறேன். ஒட்டியவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அக்கா சொன்ன காரணம் போதும்.

மாங்குளம்_பேத்தி

எல்லாரும் ஏ9 வீடியோவைப் பற்றிப் பேசுகிறீர்கள். வாசித்து முடித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மலையகத்திலிருந்து வந்த ஆட்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா அப்பாயி எல்லாரும் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்கள். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் 2003இல் கமராவோடு வரவில்லை. எங்களுக்கு ஸ்காபரோவில் பேஸ்மென்ற் கிடையாது. வன்னியின் படம் வெளிநாட்டில் இருக்கிறது என்றால், வெளிநாட்டில் ஆள் இருந்த வன்னியின் படம்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்து லயன் (வரிசைவீடு) மாதிரி வீடுகளை யாரும் வான் கண்ணாடி வழியாகக்கூட எடுக்கவில்லை. நாங்கள் ரோட்டோரத்தில் இருக்கவில்லையே.

அப்புறம், எங்களுக்கு இருக்கிற ஆவணம் எது தெரியுமா? தேயிலை விளம்பரம். 1934இல் ஆங்கிலேய இயக்குநர் பேசில் ரைட் எடுத்த ‘இலங்கையின் பாடல்’. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை காசு போட்டது, ஜோன் கிரியர்சன் தயாரித்தார். உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். நான் பல்கலைக்கழகத்தில்தான் முதலில் பார்த்தேன். வணிகத்தைப் பற்றிய பகுதியில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வருவார்கள். மேலே ஆங்கிலத்தில் சந்தை விலையும் வியாபாரக் கடிதமும் ஓடும். அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். என் அப்பாயியின் அம்மா வயது இருக்கும் அவர்களுக்கு. யாரென்று எனக்குத் தெரியாது, எந்தத் தோட்டம் என்றும் தெரியாது. ஆனாலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அக்கா சொன்ன மச்சாள் மாதிரித்தான்.

இன்னொரு விடயம். அந்தப் படத்தின் விளக்கவுரையில் பெரும்பகுதி ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. வாசித்தவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் சிறையிருந்த இந்த நொக்ஸ் 1679இல் எப்படித் தப்பினார்? அருவியாற்றங்கரையோடு காட்டுக்குள்ளால் நடந்து மன்னாரில் அரிப்புக் கோட்டைக்குப் போய் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு, கோப்பித் தோட்டக் காலத்தில், எங்கள் ஆட்கள் அதே மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டுக்குள்ளால் எதிர்த்திசையில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்து செத்தவர்கள் கணக்கில்லை. ஒருத்தன் வெளியே போன நடைக்குப் புத்தகம் இருக்கிறது, அந்தப் புத்தகத்தின் குரலைக் கொண்டுவந்து எங்கள் பெண்கள் வருகிற படத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் நடைக்கு ஒன்றுமில்லை.

பின்காலனிய சினிமா என்று பேசினால் அந்தப் படத்தின் ஒலியை எடுத்துவிட்டு, மாங்குளத்திலும் வவுனியாவிலும் இருக்கிற கிழவிகளைக் கூப்பிட்டு இருத்தி, அவர்களைப் பேச விடுங்கள். ஜெபார் செய்தது அதுதானே.

நிழல்நாடா

மாங்குளம் பேத்தி, இதை நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இல்லாத கோணத்தில் எழுதியிருக்கிறீர்கள். நொக்ஸின் பாதையையும் அந்தப் படத்தையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

‘கொண்டுவந்து காட்டுவது’ பற்றி இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவ். போர்த்துக்கேயருக்கு எதிராகப் போராடிய காலத்தில், 1967இல், விடுதலை இயக்கத் தலைவர் அமில்கார் கப்ரால் நாலு இளைஞர்களைச் சினிமா படிக்கக் கியூபாவுக்கு அனுப்பினார். அவர்களில் சனா நா ஹாடாவும் ஃப்ளோரா கோமெஸும் பிறகு பெரிய இயக்குநர்கள் ஆனார்கள். போராட்டத்தையும் விடுதலைக்குப் பிந்திய காலத்தையும் அந்தக் குழு எடுத்த சுருள்கள் பிசாவில் கிடந்தன. 1998–99 உள்நாட்டுப் போரில் அவற்றில் நிறைய அழிந்தது. மிஞ்சியதைப் போர்த்துக்கல்லைச் சேர்ந்த ஃபிலிப்பா சேஸர் அந்த இயக்குநர்களோடு சேர்ந்து 2012இல் பேர்லினில் டிஜிட்டலாக்கினார். முடிக்கப்படாத துண்டுகள், சிலதில் ஒலி இல்லை, சிலதில் பூஞ்சணம் காட்சியைத் தின்றிருந்தது. அதை அப்படியே ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். படம் எடுத்தவரே பக்கத்தில் நின்று சொல்ல, சனம் பதில் சொல்ல, அந்தப் பயணத்திலிருந்து 2017இல் ‘ஸ்பெல் ரீல்’ வந்தது. விடுதலை இயக்கம் ஒன்று தானே படப்பிரிவு வைத்திருந்தது, அதன் சுருள்கள் போரில் அழிந்தன என்பதெல்லாம் உங்களுக்கு எங்கேயோ கேட்டது போல இருக்கும். ஆனால் பெரிய வித்தியாசம், அங்கே அந்த இயக்கம் வென்று அரசானது. சனம் பயப்படாமல் திரைக்கு முன் இருக்கலாம்.

மற்றது கம்போடியா. ரித்தி பான் 2013இல் எடுத்த ‘காணாமல் போன படம்’ எல்லாருக்கும் தெரியும். கெமர் ரூஜ் காலத்தின் இல்லாத காட்சிகளுக்குப் பதிலாகக் களிமண் பொம்மைகள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2006இல் அவர் புனோம் பென்னில் தொடங்குவித்த போஃபனா நிலையம். கம்போடியாவைப் பற்றி வெளிநாடுகளில் கிடந்த படங்களின் பிரதிகளைச் சேர்த்து வைத்து, யாரும் போய்க் காசில்லாமல் பார்க்கலாம் என்று ஏற்பாடு. திரை கட்டி ஊரைக் கூட்டுவது இல்லை. ஆள் தனியாக இருந்து, வேண்டியதைக் கேட்டுப் பார்க்கலாம். முள்ளியவளை அக்கா எழுப்பிய பிரச்சினைக்கு அந்த வழி கொஞ்சம் பொருந்தும் என நினைக்கிறேன்.

சும்மா_வாசகன்

சரி, அக்காவின் பதிவுக்குப் பிறகு நக்கல் அடிக்க மனம் வரவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். காசு? ஹெயிட்டி இயக்குநர் ராவுல் பெக், கொங்கோத் தலைவர் லுமும்பாவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், வெளிநாட்டு நிறுவனம் பழைய செய்திப்படத்துக்கு நிமிடக் கணக்கில் கேட்ட விலையைப் படத்துக்குள்ளேயே சொல்லிக் கசந்துகொள்வார். (ஆம், நானும் படம் பார்ப்பேன்.) பழைய செய்திப்பட நிறுவனமான பிரித்தானியப் பாதே 2014இல் எண்பத்தையாயிரம் துண்டுகளை யூரியூப்பில் ஏற்றியது, பார்க்கலாம், எடுத்துப் பாவிக்கக் காசு கட்ட வேண்டும். ‘இலங்கையின் பாடல்’ ஒலியை எடுத்துக் கிழவிகளைப் பேச வைப்பதென்றால் அதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டி வரும்.

மாங்குளம்_பேத்தி

வீட்டு முற்றத்தில் நாலு கிழவிகளுக்குப் போட்டுக் காட்ட யாரையும் கேட்கப் போவதில்லை. விழாவுக்கு அனுப்பும்போது கேட்டுக்கொள்ளலாம்.

கரைச்சியான்

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஊர்த்திரை இல்லை. வீட்டுக்குப் போவோம். கசெற்றில் வருகிற குடும்பத்துக்கு முதலில், அவர்கள் சரி என்றால் பக்கத்து வீட்டுக்கு. சீருடை, மேடை, மாவீரர் துயிலும் இல்லம் வருகிற பகுதிகளை முதலிலேயே தனியாகப் பிரித்து வைத்து, கேட்கிறவர்களுக்கு மட்டும். பெயர்களை எழுதி வைப்பதா என்பதில் எனக்கு இன்னும் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இருபது வருடத்தில் யாருக்கும் தெரியாது. எழுதினால் அந்தக் கொப்பி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஒரு பேச்சுக்கு, நூலக நிறுவனம் 2005இலிருந்து புத்தகம், பத்திரிகை என்று எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்துவருகிறது, அவர்களுடைய ஆவணகம் தளத்தில் ஒலி, ஒளி, படம் எல்லாம் சேர்க்கிறார்கள். பொதுவில் வைக்கக்கூடியதை அங்கே கொடுக்கலாம். சந்தி, சந்தை, குளம், கோயில், 2004 மார்கழிக்கு முந்திய முல்லைத்தீவுக் கரை எல்லாம் அந்த வகை. ஆழிப்பேரலைக்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்று என் மாணவர்கள் யாரும் கண்டதில்லை.

முள்ளியவளை_அக்கா

பெயரை எழுதுவதா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. அந்தந்த வீட்டைக் கேளுங்கோ. வேண்டாம் என்றால் வேண்டாம். நாளைக்கு மனம் மாறினால் கிழித்தெறிய அவர்கள் கையிலேயே அந்தத் தாளைக் கொடுங்கோ.

ஸ்காபரோ_மகன்

அப்பாவிடம் கேட்டேன். இவ்வளவு நாளும் அந்தப் பெட்டியைத் தொட விடாதவர். கச்சான் பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டு, “அது சின்னண்ணையின்ர வளவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, பேர் எனக்குத் தெரியும்” என்றார். எனக்குச் சொல்லவில்லை. கூரியரில் அனுப்ப ஒத்துக்கொள்ளவும் இல்லை. தானே கையில் கொண்டு வருவாராம், வருகிற ஆடியில். டிஜிட்டலாக்கி இணையத்தில் அனுப்பலாம் அப்பா என்றேன், அது வேறு இது வேறு என்கிறார். இடையில் நான் இங்கே ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். படம் செய்கிற யோசனையை விடவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன்.

கசெற்றுக்கடை

தம்பி, பிரதி எடுக்கிறது என்றால் இப்போதே எடுங்கோ. கசெற்றை முதலில் ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றி, பிறகு பதியுங்கோ. இருபது வருடம் ஒரே இடத்தில் கிடந்த நாடா இறுகியிருக்கும். மணித்தியாலத்துக்கு 13 கிகாபைற் மட்டில் வரும், சுருக்காமல் அப்படியே வையுங்கோ. சுருக்கினால் அந்தத் திகதித் தரவும் போய்விடும். புதுக் கணினியில் ஃபயர்வயர் துளை இருக்காது, பழைய மடிக்கணினி ஒன்று தேடுங்கோ.

அப்பா வரும்போது கசெற்றோடு அந்தக் கமராவையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. கனடாக் கமரா பதிகிற முறை என்.டி.எஸ்.சி. (NTSC), இங்கே என்னிடம் இருக்கிற டெக் எல்லாம் பி.ஏ.எல். (PAL) முறை, ஒன்றில் மற்றது ஓடாது. அந்தக் காலத்திலும் கனடாவிலிருந்து வந்த கசெற்றைப் போட முடியாமல் சனம் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வரும், பல்முறை டெக் வன்னியில் இரண்டு மூன்று பேரிடம்தான் இருந்தது. சார்ஜரில் 100–240 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கோ. பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.